ஏழு அடிப் பாட்டு

எங்கள் சலவைக்கூடத்தில் மழைக்காலம் வந்தால் வேலை இரண்டு மடங்காகிவிடும். மொட்டைமாடிக் கொடியில் எதுவும் காயாது. நான்கு ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் ஒரு மருத்துவமனையின் தலையணை உறைகளும் ஈரத்தோடேயே கூடை கூடையாகக் கீழே வந்து ஸ்டீம் பிரஸ் முன்னால் குவியும். அந்த பிரஸ்ஸை ஓட்டியது அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். எதிரே மடிப்பு மேசையில் நான். கூடப் பிறந்தவர் இல்லை, பக்கத்து வீடு; இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதனால் அந்த வருஷம் அந்த வீட்டில் நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். பாதி கண்ணால் பார்த்தது. மீதி சுவர் வழியாகக் கேட்டது.

அக்கா வேலை செய்யும்போது பாடுவார். வார்த்தை கிடையாது, வெறும் மெட்டு. துணியைப் போடுவார், இரண்டு கையாலும் நீவுவார், காலால் பெடலை மிதிப்பார். மேல்தட்டு இறங்கி 'உஸ்ஸ்' என்று ஆவி விடும். அந்த உஸ்ஸுக்குள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு அடுத்த துணிக்கு அடுத்த வரி. பதினோரு பெண்களும் அந்த மெட்டிலேயே மடிப்போம், அடுக்குவோம், கட்டுவோம். யாராவது லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தால், "புதுசா ஏதாவது வந்திருக்கா?" என்றுதான் முதலில் கேட்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி டீக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். சுவரில் மாட்டியிருந்த ரேடியோவில் டிரம்பெட்டும் டிரம்முமாக ஒரு பாட்டு வந்தது. பட்டன் தைக்கிறவள் பல்லில் ஊசியைக் கடித்தபடியே சொன்னாள்: "அக்கா, உன் பாட்டு!"

எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்டோம். அவர் பாட்டுதான். மூன்று வருஷமாக நாங்கள் அதில்தான் மடித்துக்கொண்டிருந்தோம். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: "ஆற்றுப் பாலத் திறப்பு விழாவுக்காக நமது நகர பேண்டு மாஸ்டர் இயற்றிய அணிவகுப்பு இசை. இனி தினமும் காலைச் செய்திக்கு முன் ஒலிக்கும்."

அக்கா எழுந்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் பெடலை மிதித்தார். அன்று முழுக்க பிரஸ் மட்டும்தான் சத்தம் போட்டது. பாட்டு இல்லாமல் மடித்தால் கை எப்படி வலிக்கும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும், "வா, ஒரு இடத்துக்குப் போவோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நேரே பேண்டு ஹாலுக்குப் போனார். தகரக் கூரை போட்ட நீளமான அறை. சுவரோரம் மடக்கு நாற்காலிகள். அக்காவின் வீட்டுக்காரர் அந்த பேண்டில்தான் முதல் கிளாரினெட். அன்று ஒத்திகை இல்லை. மாஸ்டர் மட்டும் ஒரு டிரம்பெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ரேடியோல வந்தது என் பாட்டு."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உன் பாட்டா? எங்க, காட்டு பாப்போம்."

"காட்டறதா? பாடறேன், கேளுங்க."

"பாடறதுக்கு என்னம்மா, ஈ கூடத்தான் பாடுது." மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இதப் பாரு. அஞ்சு கோடு. பாட்டை இதுல எவன் எழுதினானோ அவனுதுதான் பாட்டு. ஊர் உலகத்துல எங்கயும் அப்படித்தான். உனக்கு இதை எழுதத் தெரியுமா?"

"தெரியாது."

"படிக்கவாவது?"

"தெரியாது."

"அப்புறம் என்ன?" குரலைத் தணித்துக்கொண்டார். "வீட்டுக்காரருக்கு முதல் கிளாரினெட் குடுத்து வெச்சிருக்கேன். அதையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு. டீ சாப்பிடறீங்களா ரெண்டு பேரும்?"

நாங்கள் சாப்பிடவில்லை. வெளியே வந்து தெருமுனை வரைக்கும் அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பிறகு ஒரே ஒரு தடவை சொன்னார்: "ஈ கூடப் பாடுதாம்ல."

அன்று மாலை சுவர் வழியாக எல்லாம் கேட்டது. உருளைக்கிழங்கு வேகும் வாசனைகூட இந்தப் பக்கம் வந்தது. அந்த வீட்டில் மூன்று பேர். அக்கா, அவர் வீட்டுக்காரர், வீட்டுக்காரருடைய தங்கை. தங்கை பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிற வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கட்டம் கட்டிப் போடுவாள். தெருவில் அவளுக்குப் பெயரே 'டிப்போ'தான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுப்படியில் பன்னிரண்டு வருஷம் சண்டையில்லாமல் இருந்தது தெருவில் பலருக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம்.

"என் பாட்டு மாஸ்டர்கிட்ட எப்படிப் போச்சு?" என்று அக்கா கேட்டார்.

நாற்காலி ஒன்று தரையில் உராய்ந்தது. பிறகு கிளாரினெட்காரர்: "நான்தான் வாசிச்சேன். மூணு வருஷம் முன்னாடி, ஒத்திகை இடைவேளையில, சும்மா. நல்லா இருக்கே, யாருதுன்னு கேட்டார். வீட்ல பாடிட்டிருப்பான்னு சொன்னேன்."

"சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"அப்புறம் அவர் எழுதி, மேல தன் பேரைப் போட்டாரே. அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"அப்ப… நோட்டு வெக்கிற ஸ்டாண்டு ஆடிக்கிட்டிருந்துச்சு. அதைச் சரி பண்ணிட்டிருந்தேன்."

"மூணு வருஷமாவா அண்ணா சரி பண்ணிட்டிருந்தே?" என்றது டிப்போவின் குரல்.

தட்டு ஒன்று மேசையில் வேகமாக வைக்கப்பட்டது. "உங்களுக்கு என்ன தெரியும்? பதினஞ்சு பேர் இருக்கோம் அதுல. ஒருத்தன் முறைச்சுக்கிட்டான்னா அடுத்த நாள் அவன் நாற்காலியில வேற ஆள். ஒரு மெட்டுதானே? இன்னொண்ணு போட்டுக்கயேன். உனக்குத்தான் நாளைக்கு ஒண்ணு வருதே."

"வருதுல்ல?" என்றார் அக்கா. "எனக்குத்தான் வருது. அதைத்தான் சொல்றேன்."

மறுநாள் டிப்போ வேலை முடிந்து வரும்போது பொது நூலகத்தின் அறிவிப்புத் தாளை மடித்து எடுத்து வந்திருந்தாள். கணினியில் இசை எழுதுதல், எளிய இணையப் பக்கம் அமைத்தல். எட்டு சனிக்கிழமைகள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று.

"காலையில பாட்டை எழுதக் கத்துக்குடுப்பாங்க அண்ணி. மத்தியானம் எழுதினதை ஊருக்குக் காட்டறதுக்கு ஒரு பக்கம் செய்யக் கத்துக்குடுப்பாங்க. நீங்க காலைக்குச் சேருங்க, நான் மத்தியானத்துக்குச் சேர்றேன்."

"ஏன், மத்தியானத்துது எனக்கு வராதா?"

"வரும் அண்ணி, யாரு வராதுன்னா?"

"அப்ப ரெண்டு பேரும் ரெண்டுக்கும்."

அப்படித்தான் சேர்ந்தார்கள். நான் சேரவில்லை. ஆனால் மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் பல சனிக்கிழமைகள் அந்த நூலகத்தில்தான் கிடந்தேன். தரைக்குக் கீழே ஒரு தாழ்ந்த அறை. ஒன்பது கணினி, அதில் இரண்டு கெட்டுப்போனவை. பாடம் நடத்திய டீச்சருக்கு எட்டு வாரமும் சளி. கைக்குட்டையும் கையுமாகவே வருவார். ஆனால் சலித்துக்கொள்ளாத மனுஷி.

அக்காவுக்கு முதல் எதிரி மவுஸ். ஈரமான இரட்டைக் கட்டில் விரிப்பை ஒரே உதறலில் பிரிக்கிற கை அது. அந்தக் கைக்குள் அந்தச் சின்ன சாமான் நிற்கவில்லை. திரையில் ஐந்து கோடு. ஒரு கோட்டில் புள்ளி வைக்கப் போனால் அது அடுத்த கோட்டில் போய் உட்காரும். அழிப்பார், மறுபடி வைப்பார், மறுபடி அழிப்பார்.

"கொஞ்சம் மெதுவா அழுத்துங்க" என்றார் டீச்சர். "அது உடைஞ்சுடாது, இருந்தாலும்."

"அழுத்தறதுதான் டீச்சர் என் தொழிலே" என்றார் அக்கா.

வழி ஒன்று கண்டுபிடித்தார். முதலில் வாய்க்குள் ஒரு சுரம் பாடுவார். பிறகு திரையில் ஒரு புள்ளி வைத்து அதை ஒலிக்க விடுவார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கேட்பார். இல்லையென்றால் ஒரு படி ஏற்றுவார், ஒரு படி இறக்குவார். ஊசியில் நூல் கோக்கிற பொறுமை. முதல் வரிக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. இரண்டாவது வாரம் வீட்டுக்கு வரும்போது, "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டேன். "பதினாலு புள்ளி" என்றார், பதினாலு பிள்ளை பெற்ற மாதிரி.

வீட்டில் கிளாரினெட்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். ஐந்து கோட்டையும் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான். அக்கா ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. அவரும் தானாக வாய் திறக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமைதான் அது நடந்தது. அக்கா எழுதிய வரியைக் கணினியை வாசிக்கச் சொன்னார். கூடவே 'டிக் டிக்' என்று தாளம் எண்ணும் ஒரு சத்தத்தையும் டீச்சர் போட்டுவிட்டார். பாட்டு ஒரு பக்கம் போனது, டிக் டிக் இன்னொரு பக்கம் போனது. திரையிலும் வரி குத்துக்கோடுகளில் கிழிந்து, அங்கங்கே வளைவுக் கோடு போட்டு ஒட்டுப்போட்ட துணி மாதிரி நின்றது.

"எங்கயோ கணக்கு தப்பு" என்றார் டீச்சர், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "இந்த ரெண்டு குத்துக்கோட்டுக்கு நடுவுல ஒரு கட்டம், அதுக்கு நாலு அடின்னு வெச்சிருக்கோம். ரெண்டு கட்டம் சேர்ந்தா எட்டு. உங்க வரி எட்டுல முடியல."

டிப்போ விரல் விட்டு எண்ணினாள். "அண்ணி, நிறுத்தாம பாடுங்க." அக்கா பாடினார். மறுபடி எண்ணினாள். "ஏழு. ஏழுலதான் திரும்புது. எத்தனை தடவை எண்ணினாலும் ஏழுதான்."

"பாலத்துப் பாட்டு எட்டுதானே?" என்றார் டீச்சர்.

அப்போது நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தாளம் கீளம் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஏழு எனக்குத் தெரியும். எழுந்து போய் மேசை மேல் என் கைக்குட்டையைப் போட்டேன். "பாருங்க டீச்சர். துணியைப் போடறது, ஒண்ணு, ரெண்டு. நீவறது, மூணு, நாலு. பெடல் மிதிச்சு ஆவி விடறது, அஞ்சு, ஆறு, ஏழு. அவ்வளவுதான். அடுத்த துணி. எட்டு வரைக்கும் வெச்சிருந்தா துணி கருகிடும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கே அதுவரை அது தெரியாது என்று முகத்தில் எழுதியிருந்தது.

டிப்போ போனில் ரேடியோப் பாட்டைத் தேடி எடுத்தாள். மூவரும் தலையை முட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு அடி. அதில் பாட்டே இல்லை. டிரம் மட்டும் 'டும்' என்று ஒன்று போட்டு இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.

"இது காலுக்குப் போட்ட அடி" என்றார் டீச்சர் மெதுவாக. "அணிவகுத்து நடக்கறவங்களுக்கு இடது கால், வலது கால் சரியா வரணும்ல. ஏழுல நடந்தா கால் மாறிடும். அதுக்காக ஒண்ணு சேர்த்திருக்கார். அந்த இடத்துல மெட்டு சும்மா நிக்குது பாருங்க." தும்மினார். "உங்க பாட்டுதாங்க இது. சந்தேகமே இல்ல."

கட்டத்துக்கு எத்தனை அடி என்கிற எண்ணை எங்கே மாற்றுவது என்று காட்டிக்கொடுத்தார். அக்கா ஏழு என்று போட்டார். ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்த வரி ஒரு நொடியில் நீவிவிட்டது போல் ஆனது. ஒவ்வொரு கட்டமும் கச்சிதமாக மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் கை தடுமாறவில்லை. மிச்சப் பாட்டை இரண்டே வாரத்தில் எழுதி முடித்தார்.

மதிய வகுப்பில் டிப்போதான் ராணி. இணையப் பக்கம் என்பது வெறும் எழுத்துதான் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தலைப்பு தொடங்குகிற இடத்தில் ஒரு குறி, முடிகிற இடத்தில் ஒரு குறி. பத்தி தொடங்க ஒன்று, முடிக்க ஒன்று. அக்கா முடிக்கிற குறியை அடிக்கடி மறந்துவிடுவார். பக்கம் முழுவதும் தலைப்பு அளவுக்குப் பெரிய எழுத்தாகக் கத்திக்கொண்டு வந்து நிற்கும்.

"காலையில கிளம்பின பஸ் சாயங்காலம் டிப்போவுக்குத் திரும்பணும் அண்ணி. திரும்பலன்னா அது எங்க நிக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? அதே மாதிரிதான். திறந்தீங்கன்னா மூடுங்க."

"உன்கிட்ட பஸ் தவிர வேற உவமையே கிடையாதா?"

"இருக்கற உவமையை வெச்சுதானே ஓட்டணும்."

ஆறாவது வாரம் பக்கத்தைத் திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூட வரவில்லை. மேலிருந்து கீழ்வரை வெறும் கேள்விக்குறி. "மாஸ்டர் கேட்ட கேள்வியெல்லாம் வந்து நிக்குது பாரு" என்றார் அக்கா. தலைப்பகுதியில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. எழுத்து எந்த வகை என்று சொல்கிற வரி. அதைச் சேர்த்ததும் கேள்விக்குறி எல்லாம் தமிழாக மாறியது. பிறகு இசைத்தாளின் படம் வரவில்லை. கோப்பின் பெயரில் ஒரே ஒரு எழுத்து பிழை. அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். டிப்போ பக்கத்தின் மேலே மினுமினுக்கும் நட்சத்திரம் வைக்க ஆசைப்பட்டாள். "வெள்ளையா இருக்கட்டும்" என்றார் அக்கா. "படுக்கை விரிப்பு மாதிரி."

எழுத வேண்டியதை அவர் ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். இப்படி இருந்தது:

'இந்தப் பாட்டு என்னுடையது. சலவைக்கூடத்தில் ஸ்டீம் பிரஸ் ஓட்டும்போது இதை உண்டாக்கினேன். இதற்கு ஏழு அடி. எட்டு அடியில் நீங்கள் கேட்டிருந்தால், அது யாரோ நடப்பதற்காக மாற்றியது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். என்னைக் கேட்டுவிட்டு வாசிக்கவும். என் பெயரைச் சொல்லி வாசிக்கவும்.'

அதன் கீழே இசைத்தாள், கேட்பதற்கு ஒரு ஒலிக்கோப்பு, தொடர்புக்கு டிப்போவின் மின்னஞ்சல். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் அக்காவின் முழுப் பெயர்.

டீச்சர் படித்துவிட்டுத் தயங்கினார். "'என்னுடையது என்று நினைக்கிறேன்'னு போட்டா கொஞ்சம் மென்மையா இருக்கும். பிரச்சனை வராது."

"நினைக்கல டீச்சர். என்னுடையதுதான்."

எட்டாவது சனிக்கிழமை பக்கம் வெளியே போனது. பாலத் திறப்புக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. திங்கட்கிழமை டீ நேரத்தில் பதினோரு போனிலும் அது திறந்திருந்தது. பட்டன் தைக்கிறவள் ஓட்டல் வரவேற்பில் இருக்கிறவளுக்கு அனுப்பினாள், அவள் மருத்துவமனையில் வேலை பார்க்கும் தன் அக்காவுக்கு. அது போதாதென்று எங்களில் ஏழு பேர் ரேடியோ நிலையத்துக்கு ஒருவர் மாற்றி ஒருவராகப் போன் போட்டோம். துணிக்குக் கஞ்சி போடுகிறவள் தன்னை மூன்று வேறு ஆட்களாகச் சொல்லிக்கொண்டு மூன்று முறை பேசினாள். ஒருத்தி இன்னொரு யோசனையும் சொன்னாள். திறப்பு விழாவுக்கு எல்லாரும் போய் நின்று, பேண்டு போகும்போது ஏழு ஏழாகக் கை தட்டி அவர்கள் காலைத் தடுமாற வைக்கலாம் என்று. எங்களுக்கெல்லாம் பிடித்திருந்தது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"டிரம் அடிக்கறவர் என்ன பாவம் பண்ணினார்? விடுங்கடி."

புதன்கிழமை காலை மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்கும் அக்காவுக்கும் அன்று மதிய ஷிஃப்ட். வெயில் எட்டிப் பார்த்த நாள். வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். கதவு திறந்தே இருந்தது.

கிளாரினெட்காரர் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். மாஸ்டர் உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கத்தை எடுத்துடும்மா. ரேடியோவிலருந்து என்னைக் கூப்பிட்டுக் கேக்கறாங்க. நாளைக்கு விழா."

அக்கா அலமாரியிலிருந்து நூலகத்தில் அச்செடுத்த தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மாஸ்டர் வேண்டாவெறுப்பாக வாங்கினார். ஆனால் அவர் பாட்டுக்காரர். தாளைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாது. கண் வரியில் ஓடியது. முழங்காலில் விரல் தட்ட ஆரம்பித்தது. முதல் கட்டம் முடிவில் விரல் தவறியது. புருவத்தைச் சுருக்கினார். மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை தவறவில்லை. கடைசி வரி வரைக்கும் விரல் நிற்காமல் போனது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு எழுதினது?"

"நான்."

"கட்டம் போட்டது?"

"அதுவும் நான்தான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அதை அவர் சொல்ல விரும்பவில்லை என்பது தெரிந்தது. தாளை மேசையில் வைத்தார். "பேரைச் சேர்த்துக்கறேன். இசை நான், மூல மெட்டு நீ. ரெண்டாவது வரியில போட்டுடலாம். பக்கத்தை எடுத்துடு."

"என் பாட்டுல எனக்கு ரெண்டாவது வரியா? முதல் வரியில என் பேர் வரட்டும் மாஸ்டர். எட்டாவது அடியை மட்டும் வேணும்னா உங்க பேர்ல வெச்சுக்குங்க. அது உங்களுதுதான்."

மாஸ்டரின் காது சிவந்தது. எழுந்துவிட்டார். அக்காவிடம் பேசவில்லை, கிளாரினெட்காரரிடம் பேசினார். "உன் வீட்டுல சொல்லு. நாளைக்குக் காலையில பக்கம் இருந்தா, பேண்டுல நீ இருக்க மாட்டே."

கிளாரினெட்காரர் மனைவியைப் பார்த்தார். "ஏய், எடுத்துடேன். என்ன போயிடப் போகுது? என் முகத்துக்காக."

"உங்க முகத்துக்காக மூணு வருஷம் சும்மா இருந்தாச்சுங்க. எனக்குத் தெரியாமலே."

"அப்ப நான் வேலைக்கு என்ன பண்றது?"

"தேடுவோம். பக்கம் இருக்கும்."

மாஸ்டர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். "அந்த யூனிஃபார்ம் கோட்டு பேண்டுக்குச் சொந்தம். திருப்பிக் குடுத்துடணும்."

"சாயங்காலத்துக்குள்ள வரும்" என்றார் அக்கா. "இஸ்திரி போட்டுத் தர்றேன். கசங்கின துணியைத் திருப்பிக் குடுத்துப் பழக்கமில்ல எனக்கு."

சொன்னபடியே செய்தார். அந்தச் சிவப்புக் கோட்டை மதியம் சலவைக்கூடத்துக்குக் கொண்டுவந்து, பித்தளைப் பட்டன் ஒவ்வொன்றுக்கும் கீழே துணி கொடுத்து, காலரை நீவி, மடிப்பு கத்தி மாதிரி நிற்க பிரஸ் போட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேண்டு ஹாலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. முதல் கிளாரினெட் நாற்காலி காலியாக இருந்தது. பதினாலு பேரும் கோட்டைப் பார்த்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விழா நடந்தது. பாட்டை எட்டு அடியில்தான் வாசித்தார்கள். ரேடியோ ஒரு வாரம் யோசித்தது. பிறகு மாஸ்டர் பெயரைச் சொல்வதை நிறுத்தியது. ஆனால் அக்கா பெயரையும் சொல்லவில்லை. 'இப்போது ஓர் அணிவகுப்பு இசை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போட்டார்கள்.

"அனாதைப் பாட்டாக்கிட்டானுங்க" என்றாள் பட்டன் தைக்கிறவள்.

"பாதி தூரம் வந்துட்டானுங்க" என்றார் அக்கா. "மீதிக்கு நாளைக்குப் போன் போடுங்க." அன்றைக்குத்தான் மறுபடியும் பாட ஆரம்பித்தார். புது மெட்டு.

கிளாரினெட்காரருக்கு டிப்போ தன் இடத்திலேயே வேலை பார்த்துக் கொடுத்தாள். பஸ் கழுவுகிற வேலை. குழாயும் கையுமாக நிற்பார். ஒரு மாதம் அவர் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளாரினெட் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஒரு நாள் வெடித்தார். சுவரே அதிர்ந்தது.

"உன் பேரு திரையில பளபளன்னு இருக்கு. என் கையைப் பாரு, சோப்புத் தண்ணியில ஊறி வெளுத்துப் போய்! இந்தக் கையால நான் வாசிச்சிட்டிருந்தேன்!"

"என் கை பதினெட்டு வருஷமா அப்படித்தான் இருக்கு" என்றார் அக்கா. கத்தவில்லை. "அந்தக் கையாலதான் நீங்க வாசிச்ச பாட்டும் வந்துச்சு."

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் டிப்போ என் கதவைத் தட்டினாள். "வாங்க, வாங்க, அண்ணிக்கு மெயில்ல கடிதம் வந்திருக்கு." போனேன். எங்கேயோ ஒரு துறைமுக ஊர். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிற பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு சின்னக் குழு வைத்திருக்கிறார்களாம். மூன்று கிளாரினெட், ஒரு அக்கார்டியன், மற்றதெல்லாம் தட்டுகிற வாத்தியம். பக்கத்தைப் பார்த்தார்களாம். 'எங்கள் வேலையிலும் ஏழு வரைக்கும்தான் எண்ணுவோம். உங்கள் பாட்டை நாங்கள் வாசிக்கலாமா?' என்று கேட்டிருந்தார்கள்.

அக்கா அந்த ஒரு வரியை மூன்று முறை படித்தார். "கேட்டிருக்காங்க பாரு" என்று என்னிடம் சொன்னார். "வாசிக்கலாமான்னு கேட்டிருக்காங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே அதற்காக எரிச்சலும் பட்டார்.

இசைத்தாளை அப்படியே அனுப்பலாம் என்று டிப்போ வேலையிடத்திலிருந்து கொண்டுவந்திருந்த மடிக்கணினியைத் திறந்தாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கிளாரினெட்காரர் அங்கிருந்தபடியே சொன்னார்: "அது ஆகாது."

"என்ன ஆகாது?"

"அந்தத் தாளை வெச்சு கிளாரினெட் வாசிச்சா ஒரு சுரம் கீழ கேக்கும். அக்கார்டியன் ஒரு பக்கம் போகும், இது ஒரு பக்கம் போகும். கிளாரினெட்டுக்கு முழுசா ஒரு சுரம் மேல ஏத்தி எழுதணும்."

அக்கா திரும்பினார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இருபத்திரண்டு வருஷமா தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"நீங்களும்தான் வாயைத் திறக்கல."

அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு வந்து, டிப்போவை நகரச் சொல்லிவிட்டு மடிக்கணினி முன்னால் அமர்ந்தார். எங்கே தொடுவது என்று தெரியவில்லை. அக்கா மவுஸை வாங்கி, எல்லாப் புள்ளிகளையும் ஒரேயடியாக மேலே ஏற்றுகிற இடத்தைத் தேடிப் பிடித்தார். கிளாரினெட்காரர் தாளத்தைச் சொன்னார், எந்த இடத்தில் வாத்தியக்காரர் மூச்சு எடுப்பார் என்று சொன்னார், அங்கே ஒரு குறி வைக்கச் சொன்னார். மூன்று கிளாரினெட்டுக்கும் ஒரே வரி கொடுக்காமல் மூன்றாவதற்குக் கீழே ஒரு வரி கொடுக்கலாமே என்றார். அக்கா அதைப் பாடிப் பார்த்தார். பிடித்தது ஒன்றை வைத்தார், பிடிக்காதது இரண்டை வேண்டாம் என்றார். அவர் வாதாடினார். அக்கா விடவில்லை. இருவரும் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் போய் அணைத்தேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வெளியே வந்தது. வாசித்துப் பார்த்தார். அக்கா இரண்டு முறை நிறுத்தினார். "அவசரப்படறீங்க. ஆவி போகட்டும், அப்புறம் எடுங்க." மூன்றாவது முறை சரியாக வந்தது. தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்.

பிறகு பதில் எழுதினார்கள். அக்கா சொல்லச் சொல்ல டிப்போ தட்டினாள். 'வாசியுங்கள். கேட்டதற்கு நன்றி. எட்டு அடியாக மாற்றாதீர்கள்.'

"கடைசி வரி மிரட்டற மாதிரி இருக்கே அண்ணி."

"இருக்கட்டும்."

கிளாரினெட்காரர் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "இந்தப் புதுத் தாளைப் பக்கத்துல போடுவீங்கல்ல? அதுல… நான் பண்ணினது ஏதாவது வருமா?"

அக்கா யோசித்தார். பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, தன் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். 'கிளாரினெட்டுக்கு மாற்றி எழுத உதவியவர்' என்று போட்டு அவர் பெயர். முடிக்கிற குறியையும் மறக்காமல் வைத்தார்.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கே."

"செஞ்ச உதவிக்கு அந்த அளவு போதும்" என்றார் அக்கா. "பெருசா வேணும்னா, நீங்களா ஒரு பாட்டுப் போடுங்க. நான் உதவறேன்."